நாற்பத்தொன்றாவது ஆள்

அந்த விமானப்படை முகாமின் காலை அணிவகுப்பில் நிற்பவர்கள் நாற்பது பேர். ஆனால் யார் எண்ணினாலும் நாற்பத்தொன்று வந்தது. புயலில் வயர்லெஸ் அறை இடிந்து, அங்கே பணியிலிருந்த வீராங்கனை தவமலர் செத்துப்போனாள். நினைவுக்கல்லில் அவளை 'ஏர்மேன்' என்று ஆணாகப் பொறித்த நாளிலிருந்து இப்படித்தான்.

"நாளைக்குள்ள எண்ணிக்கை சரியாகணும். இல்லேன்னா உன் வேலை போச்சு," என்றார் கமாண்டர், குமாஸ்தா எஸ்தரிடம்.

"கல்லுல 'ஏர்வுமன்'னு மாத்திடலாமா சார்?"

"எதுக்கு? ஏர்மேன்னாலே பொம்பளையும் அதுல அடக்கம்."

"அப்படின்னா சுலபம் சார். நாளைக்கு நீங்களே ஏர்மேன் எல்லாரையும் கலைஞ்சு போகச் சொல்லுங்க. அவளும் போயிடுவா."

மறுநாள் காலை நல்ல மழை. "ஏர்மேன் எல்லாரும் கலையலாம்!" என்று கமாண்டர் முழங்கினார். நாற்பது பேரும் ஓடி ஒதுங்கினார்கள். காலி மைதானத்தில், கடைசி வரிசை நின்ற இடத்தில், ஒரு ஜோடி பூட்ஸ் அளவுக்கு மட்டும் தரை நனையாமல் கிடந்தது.

கமாண்டர் எஸ்தர் பக்கம் திரும்பினார். "எஸ்தர், நீ சொல்லிப் பாரும்மா."

"நான் வெறும் குமாஸ்தா சார். உத்தரவு உங்க வாயாலதான் வரணும்."

கமாண்டர் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். "ஏர்வுமன் தவமலர், கலையலாம்."

அதற்குப் பிறகுதான் அந்த இடத்தில் மழை விழுந்தது.