கொய்யாவடி மண்

ஆயக்குடிக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அதை நடத்திவந்த சிவஞானத்தம்மைக்கு நாற்பது வயதுகூட இராது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த காளியண்ணனுக்கோ அறுபது. இளையவரிடம் போய்க் கைகட்டி நிற்கிறாரே என்று ஊரில் சிலர் சிரித்தார்கள். காளியண்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் கவலை வேறு.

தம்பி மகளுக்குக் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். ஆனால் தம்பியின் பெயரைக் கேட்டாலே உள்ளுக்குள் கொதித்தது. ஜபம் செய்து பார்த்தார், விரதம் இருந்து பார்த்தார். நாலு நாள் அடங்கும். பிறகு பழைய குருடி கதவைத் திறடிதான். பந்தலில் எல்லார் முன்னாலும் வாயை விட்டு, அந்தக் குழந்தையின் கல்யாணத்தைக் கெடுத்துவிடுவோமோ என்று பயந்தார். போகாமலே இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தார்.

ஒரு காலையில் அம்மையிடம் கேட்டேவிட்டார்.

"தம்பி மேல இருக்கற இந்தக் கோபம் போறதுக்கு ஒரு வழி சொல்லுங்கம்மா. அடக்க அடக்கத் திரும்பித் திரும்பி வருதுங்க."

அம்மையோ, மடத்துத் தோட்டத்துக் கொய்யாவில் இந்த வருஷமும் புழுவா என்று விசாரித்தார்.

காளியண்ணன் முகம் சுருங்கிவிட்டது. தோட்டம் அவர் பொறுப்பு. வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தார், இஞ்சி பூண்டு அரைத்துத் தெளித்தார், பொறி கட்டித் தொங்கவிட்டார். பழ ஈ குறைந்ததுபோலத் தெரியும். காய் பழுக்கிற நேரம் பார்த்து எங்கிருந்தோ வந்து முட்டை வைத்துவிடும். மாசுமறுவில்லாத பழத்தைப் பிட்டால் உள்ளே புழு நெளியும்.

அம்மை மரத்தடிக்கு நடந்தார். தரை பெருக்கிவிட்டாற்போல் சுத்தமாக இருந்தது.

"உதிர்ந்த பழமெல்லாம் எங்கீங்க?"

காளியண்ணன் பெருமையாகத்தான் சொன்னார். வருகிறவர்கள் கண்ணில் சொத்தைப் பழம் பட்டால் மடத்துக்கு அழகில்லை. அதனால் தினமும் அங்கேயே சின்னதாகக் குழி பறித்துப் போட்டு, மேலே மண்ணைத் தள்ளிவிடுவாராம்.

அம்மை குனிந்து விரலாலேயே கிளறினார். கொஞ்சம் கிளறியதுமே, பழுப்பு நெல்மணிபோலக் கூட்டுப்புழுக்கள். ஒரு கை அள்ளி நீட்டினார். அதில் ஒரு கூடு வெடித்து, ஈரம் காயாத புது ஈ ஒன்று அவர் உள்ளங்கையில் ஊர்ந்தது.

"நல்லாத்தான் மெத்தை போட்டு வளர்த்திருக்கீங்க."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதையாகிவிட்டதே என்று காளியண்ணன் தலையைச் சொறிந்தார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஈ எங்கிருந்து வருகிறதென்று தெரிந்ததில் ஒரு நிம்மதியும் இருந்தது.

இருவரும் மண்வெட்டி எடுத்துக் குழிகளைத் தோண்டினார்கள். அழுகல் பழங்களைக் கறுப்புப் பாலித்தீன் பைகளில் போட்டு, வாயை இறுகக் கட்டி, பாறைமேல் வெயிலில் வைத்தார்கள். கிளறிவிட்ட மண்ணில் மைனாக்கள் இறங்கிக் கொத்தின.

கை கழுவும்போது அம்மை, தம்பி அப்படி என்னதான் செய்தார் என்று கேட்டார். பாகம் பிரிக்கையில் கிணறு இருக்கிற வயலைத் தம்பி தனக்கென்று எடுத்துக்கொண்டானாம். அண்ணனை ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நாலு பேர் உக்காந்திருந்தாங்க. சிரிச்சுக்கிட்டே, சந்தோசமா வெச்சுக்கடான்னு சொல்லிப்போட்டனுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் அதப் பத்திப் பேசவே இல்லீங்க."

சொல்லிவிட்டுக் காளியண்ணன் கிளறிப் போட்டிருந்த மண்ணைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"இப்பப் போய்ச் சொன்னா அவன் மனசு நோகாதுங்களா?"

"நொந்தா, கல்யாணத்துக்குள்ள ஆறிருமுங்க. வெயில் இருக்கறப்பவே கெளம்புங்க."