ஏட்டைக் கேட்காத நீர்க்கோழி

ஏரிக்கரையின் சரிவில் ஒரு நீர்க்கோழி கூடு கட்டி ஐந்து முட்டை இட்டிருந்தது. கரை ஓரிடத்தில் கசிவதை அது பார்த்துவிட்டது. அன்றிலிருந்து அதற்கு இரை இறங்கவில்லை.

அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. ஆலமரப் பொந்திலுள்ள அரசாங்க ஏடுகளை எந்தப் பிராணியும் கேட்டுப் பார்க்கலாம். மனுப் போட்டால் பத்து நாளைக்குள் காட்டியே ஆகவேண்டும்.

நீர்க்கோழியும் மனுப் போட்டது. 'ஏரிக்கரை பலமாக இருக்கிறதா?' என்று அதில் எழுதியிருந்தது.

ஏடு காக்கும் உடும்பு பத்தாம் நாள் பதில் கொடுத்தது. 'இருக்கிறது.'

அப்பாடா என்று திரும்பிய நீர்க்கோழியைப் பார்த்துக் கரைப் பொந்திலிருந்த நண்டு சிரித்தது.

"அசட்டு அக்கா! உடும்பைக் கேட்டால் அது வாய்க்கு வந்ததைச் சொல்லும். கரையைச் சோதிக்கிறவங்க கால்தடம் பதிக்கிற ஏடு ஒண்ணு இருக்கே, அதைக் காட்டச் சொல்லு! தடம் இல்லைன்னா அந்த ஏட்டை எடுத்துக்கிட்டுக் காட்டு ராஜாகிட்ட போ. அவர் ஒரு வார்த்தை சொன்னா யானைங்க வந்து ஒரே நாள்ல மண் அணைச்சிடும்!"

"இன்னொரு மனுவா? 'என்மேல நம்பிக்கை இல்லையா'ன்னு உடும்பண்ணன் கேட்டா, என் மூஞ்சியை எங்கே வச்சுக்கிறது?"

"முட்டை மேலே வச்சுக்கோ!"

நீர்க்கோழி போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று நாலு நாள் ஓட்டிவிட்டது.

ஐந்தாம் நாள் உச்சி வேளையில் மழை பிடித்துக்கொண்டது. கசிந்த இடத்திலேயே கரை உடைந்தது. கூடு முட்டைகளோடு கண்ணெதிரே சுழன்று போனது. நீர்க்கோழி பின்னாலேயே கத்திக்கொண்டு பறந்தது. என்ன பிரயோசனம்?

வெள்ளம் வடிந்ததும் அது ஆலமரத்துக்குப் போனது.

"அந்த ஏட்டைக் காட்டுங்க, அண்ணே."

உடும்பு மறுபேச்சில்லாமல் எடுத்து நீட்டியது. இரண்டு மழைக்காலமாக அதில் ஒரு கால்தடம்கூட இல்லை.

"பலமா இருக்குன்னு எழுதிக் கொடுத்தீங்களே!"

உடும்பு தலையைத் தொங்கப்போட்டது. "நீ என் நினைப்பைக் கேட்டே, தாயி. நினைச்சதை எழுதினேன். ஏட்டை நான் பிரிக்கவே இல்லை. நீ ஏட்டைக் கேட்டிருந்தா அன்னைக்கே எடுத்திருப்பேன். பார்த்ததும் நானே ராஜாகிட்ட ஓடியிருப்பேன்."

நீர்க்கோழிக்கு அழக்கூட வரவில்லை. அடைகாத்த பழக்கத்தில் அந்த வெற்று ஏட்டின்மேல் சிறகை விரித்து உட்கார்ந்துகொண்டது.

பொது விஷயத்தில் வாய்வார்த்தையை வாங்கிக்கொண்டு, பதிவைக் காட்டச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் பின்னால் வருந்தத்தான் வேண்டும்.