போடச் சொன்னது யார்?

ஆலிமா ருமைசாவுக்கு வயது முப்பத்தொன்று. அவரிடம் பாடம் கேட்க வந்த மஹ்மூதாவுக்கு ஐம்பத்தொன்பது. பரங்கிப்பேட்டையில் இது யாருக்கும் விநோதமாகப் படவில்லை. ஒருவர் மார்க்கம் படித்து முடித்தவர், மற்றவர் இப்போதுதான் தொடங்கியவர். அவ்வளவுதான்.

மஹ்மூதா முப்பத்துமூன்று வருடம் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்து, மேனேஜராக ஓய்வு பெற்றவர். எதையும் வரிசையாக எழுதி வைப்பது அவர் பழக்கம். இஸ்லாத்தைப் பற்றியும் ஹிஜாப் பற்றியும் வெளியில் என்னென்ன தவறாகப் பேசுகிறார்களோ அத்தனையையும் ஒரு நோட்டில் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் எதிரே பதில். மொத்தம் நாற்பத்தொரு கேள்விகள்.

ஒரு நாள் பாடம் முடிந்ததும் மஹ்மூதா கேட்டார்.

"ஆலிமா, சிதம்பரத்துல ஒரு காலேஜ்ல கூப்பிட்டிருக்காங்க. ஹிஜாப் பத்திப் பிள்ளைங்க கேள்வி கேப்பாங்களாம். நான் பதில் சொல்லணுமாம். போகட்டுமா?"

"போயிட்டு வாங்க லாத்தா." வயதில் மூத்தவர் என்பதால் ஆலிமாவுக்கு அவர் லாத்தா, அதாவது அக்கா.

"நோட்டை ஒரு தடவை பாத்துத் தர்றீங்களா?"

ஆலிமா புரட்டிப் பார்த்தார். திருத்தம் எதுவும் சொல்லவில்லை.

"கேக்கிறவங்களை நல்லாப் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

கல்லூரி அரங்கம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் பேராசிரியர்கள், ஆண்களும் பெண்களுமாக. அவர்களுக்குப் பின்னால் மாணவிகள். மஹ்மூதா கருநீலத் துணியைத் தலையில் சுற்றி, தாடைக்குக் கீழே ஊசி குத்தியிருந்தார். மேடையில் தனியாக உட்கார்ந்தார். பயம் இல்லை.

"இந்த ஊர் வெயில்ல எப்படி மேடம் தாங்கறீங்க?"

"வெயில் இதைப் போட்டவங்களுக்கு மட்டுமா அடிக்குது? நீயும்தான் துப்பட்டாவைத் தலையில போட்டுக்கிட்டு வண்டி ஓட்டறே."

சிரிப்பு.

"தலையை மூடினா யோசனையும் மூடிக்காதா?"

"ஹெல்மெட் போட்டவங்களைக் கேட்டுப் பாரும்மா."

கைதட்டல்.

"பொம்பளைங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை சட்டம்? ஆம்பளைங்களுக்கு ஒண்ணும் இல்லையா?"

"பார்வையைத் தாழ்த்திக்கோன்னு குர்ஆன்ல முதல் உத்தரவே ஆம்பளைங்களுக்குத்தான். அதுக்கு அடுத்ததுதான் எங்களுக்கு. முதல் உத்தரவை யாரும் ஞாபகம் வச்சுக்கிறதில்லை."

முன்வரிசையில் இரண்டு பேராசிரியர்கள் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"உங்களைப் படிக்க, வேலைக்குப் போக விடமாட்டாங்களாமே?"

"முப்பத்துமூணு வருஷம் வேலை பாத்துட்டு ரிட்டயர் ஆகி வந்திருக்கேன். கல்வி தேடறது எங்களுக்குக் கடமை. என் சம்பாத்தியம் என்னோடது. மார்க்கமே அப்படித்தான் சொல்லுது."

கடைசியாகப் பின்னால் கதவோரம் ஒருவர் எழுந்தார். மாணவி இல்லை. ஐம்பது வயது இருக்கும். கல்லூரி ஊழியர்கள் உடுத்தும் சாம்பல் நிறச் சேலை. மைக் அவர் கைக்குப் போக நேரமானது.

"இதைப் போடச் சொல்றது யாரு?"

அந்த ஒரு வரிதான் கேட்டார்.

மஹ்மூதாவுக்கு அது தெரிந்த கேள்வி. நோட்டில் ஏழாவது.

"நல்ல கேள்வி. என்னை யாரும் கட்டாயப்படுத்தலை. அப்பா சொல்லலை, புருஷன் சொல்லலை. மார்க்கத்துல கட்டாயமே கிடையாது. என்னைப் படைச்சவன் சொன்னான், நான் கேட்டுக்கிட்டேன். நடுவுல யாரும் இல்லை."

அரங்கம் எழுந்து கைதட்டியது. சாம்பல் சேலைக்காரர் மட்டும் மைக்கைப் பிடித்தபடி நின்றார். வாய் மறுபடி திறந்தது. பிறகு மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் மஹ்மூதா ஆலிமாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது. ஆலிமா கவனமாகக் கேட்டார்.

"கட்டாயம் கிடையாதுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். உண்மைதானே?"

"உண்மைதான். கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனா கட்டாயப்படுத்தறவங்க இருக்காங்களா, இல்லையா?"

மஹ்மூதா கொஞ்சம் தயங்கினார். "இருக்காங்க."

"அந்த அம்மா யாரு?"

"அங்க வேலை செய்யறவங்க போல."

"பேரு?"

"கேக்கலை."

"எதுக்காகக் கேட்டாங்க?"

"எல்லாரும் கேக்கிறதுதான் ஆலிமா. ஏழாவது கேள்வி."

ஆலிமா எதிரில் விரித்திருந்த பாடப் புத்தகத்தை மூடினார்.

"அவங்க யாருன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க லாத்தா. அதுவரைக்கும் உங்களுக்குப் பாடம் இல்லை."

மஹ்மூதாவுக்குச் சுருக்கென்றது. முந்நூறு பேர் கைதட்டிய பேச்சுக்கு இதுவா பரிசு? இரண்டு நாள் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் மகள் வயது இந்தப் பெண்ணுக்கு என்றுகூட ஒரு நேரம் நினைத்தார். நினைத்ததும் வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாள் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார்.

அந்தப் பெண் வேதியியல் ஆய்வகத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். பெயர் மங்கையர்க்கரசி. மஹ்மூதாவைப் பார்த்ததும் தண்ணீர்க் குழாயைத் திருகி மூடினார்.

"உங்களைப் பாக்கத்தான் வந்தேன்."

"என்னை எதுக்கு மேடம்? அதான் அன்னைக்கே பதில் சொல்லிட்டீங்களே."

"அன்னைக்கு நீங்க இன்னும் ஏதோ கேக்க வந்தீங்க."

மங்கையர்க்கரசி கழுவிய குழாய்களை ஒவ்வொன்றாகத் தாங்கியில் கவிழ்த்தார். எல்லாவற்றையும் கவிழ்த்து முடித்த பிறகுதான் பேசினார்.

"எனக்கு ஒரே பொண்ணு. தேன்மொழி. பாண்டிச்சேரியில கண்ணாடிக் கடையில கண் டெஸ்ட் பண்ற வேலை. எட்டு மாசத்துக்கு முன்னாடி உங்க மதத்துக்கு மாறிட்டா."

மஹ்மூதா இன்னும் பக்கத்தில் வந்தார்.

"கல்யாணம், காதல்னு எதுவும் இல்லை. அவளாப் படிச்சாளாம், பிடிச்சுதாம். நீங்க கட்டியிருக்கிற மாதிரியே கட்டிக்கிட்டு ஒரு நாள் வந்து நின்னா. இந்தத் துணியோட என் வீட்டுக்குள்ள கால் வைக்காதேன்னுட்டேன்."

"அப்புறம்?"

"திரும்பிப் போயிட்டா. ஞாயித்துக்கிழமை தவறாம போன் பண்ணுவா. சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மான்னு கேப்பா. வர மாட்டேங்கிறா. யாரோ ஒருத்தர் சொல்லித்தானே போட்டிருப்பா? அந்த ஆளு யாருன்னு தெரிஞ்சா காலைப் பிடிச்சுக் கேக்கலாம்னு இருந்தேன், என் பிள்ளையை ஒரு நாள் வீட்டுக்கு அனுப்புங்கன்னு. அதான் அன்னைக்கு எழுந்து கேட்டேன். நீங்க, கடவுள் சொன்னார், நடுவுல யாரும் இல்லைன்னு சொல்லிட்டீங்க. நான் யார்கிட்ட போய்க் கேப்பேன்?"

சொல்லி முடித்தபோதும் அவர் குரல் உடையவில்லை. மஹ்மூதாதான் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சாப்பாட்டு மணி அடித்தது.

"வீடு பின்னாலதான்" என்றார் மங்கையர்க்கரசி. பிறகு சந்தேகத்தோடு, "எங்க வீட்டுல எல்லாம் நீங்க சாப்பிடுவீங்களா?"

"பசிக்குது" என்றார் மஹ்மூதா.

ஓர் அறை, ஒரு சமையலறை. சுவரில் நடராஜர் படம். அதற்குக் கீழே கல்லூரிச் சீருடையில் ஒரு பெண்ணின் புகைப்படம். மங்கையர்க்கரசி அவசரமாகப் போய் நடராஜர் படத்தைக் கழற்றப் பார்த்தார்.

"அது உங்க வீட்டுச் சாமி. இருக்கட்டும். நான் சாப்பிடத்தானே வந்திருக்கேன்."

தட்டு வைத்து, சோறு போட்டு, வெண்டைக்காய் போட்ட மோர்க்குழம்பு ஊற்றினார். மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. நல்ல வெயிலில் நடந்து வந்ததில் மஹ்மூதாவுக்கு வேர்த்து ஊற்றியது.

"கதவைக் கொஞ்சம் சாத்திடுங்களேன்" என்றார்.

கதவு சாத்தியதும் தாடைக்குக் கீழிருந்த ஊசியைக் கழற்றினார். துணியை உருவி மடித்துப் பக்கத்தில் வைத்தார். நரைத்த கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது. அதை அள்ளி முடிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தார்.

மங்கையர்க்கரசி கையில் கரண்டியோடு அப்படியே நின்றார்.

"என்னங்க அக்கா, கழட்டிட்டீங்க?"

"வேர்க்குது."

"கழட்டலாமா?"

"இங்க நீங்களும் நானும்தானே? வெளி ஆம்பளைங்க முன்னாடிதான் போட்டுக்கணும். வீட்டுக்குள்ள எதுக்கு?"

"அப்ப... தேனு?"

"தேனு என்ன?"

"என் முன்னாடி அவளும் போட்டுக்க வேணாமா?"

"அம்மா முன்னாடியா? அம்மாகிட்ட என்னங்க மறைக்க இருக்கு?"

மங்கையர்க்கரசி கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் போட்டுவிட்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். சாத்திய கதவைப் பார்த்தார்.

"உள்ள வந்திருந்தா அவளே கழட்டியிருப்பாளா?"

மஹ்மூதா தலையாட்டினார்.

"நான் வாசல்லயே நிக்க வச்சு அனுப்பிட்டேனே அக்கா."

இப்போதுதான் அழுதார். மஹ்மூதாவுக்கு அவர் தோளைத் தொட வேண்டும் போலிருந்தது. வலது கை எச்சில். இடது கையால் தொட்டார்.

அழுகை அடங்கியபின் மங்கையர்க்கரசி முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"மதம் மாறிட்டா பெத்தவளை விட்டுடணும்னு சொல்றாங்களே? அவ என் கையால சாப்பிடக் கூடாதாமே?"

நாற்பத்தொன்றில் இந்தக் கேள்வி இல்லை. ஆனால் ஆலிமா என்றோ பாடத்தில் சொன்ன ஒன்று மஹ்மூதாவுக்கு நினைவு வந்தது.

"நபியோட காலத்துலயே இது மாதிரி ஒரு மகள் இருந்தாங்க. அவங்க அம்மா இந்த மார்க்கத்துக்கு வராதவங்க. பொண்ணைப் பாக்கணும்னு கையில பண்டமெல்லாம் எடுத்துக்கிட்டு வந்தாங்க. மகளுக்குச் சந்தேகம், உள்ள விடலாமா, வாங்கலாமான்னு. நபிகிட்ட கேக்கச் சொன்னாங்க."

"என்ன சொன்னாராம்?"

"உன் அம்மாவை நல்லபடியா கவனிச்சுக்கோன்னார்."

"அந்தப் பொண்ணு உள்ள விட்டாளா?"

"விட்டாங்க."

மங்கையர்க்கரசி எழுந்தார். போன் அலமாரியில் இருந்தது. எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். பேச்சு முழுதும் மஹ்மூதாவுக்குக் கேட்டது.

"தேனு... ஒண்ணும் இல்லடி. உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சனிக்கிழமை வா... போட்டுக்கிட்டே வா. ரோட்டுல போட்டுக்கிட்டு வந்து வீட்டுல கழட்டு. தலை எப்படி வறண்டு கிடக்கோ, எண்ணெய் வச்சு விடறேன்... அழாதடி. கடையில எல்லாரும் பாக்கப் போறாங்க."

மஹ்மூதா கை கழுவிவிட்டுக் கிளம்பத் துணியை எடுத்துச் சுற்றினார். இங்கே கண்ணாடி இல்லை. ஊசி எங்கோ கோணலாகக் குத்தியது.

"இருங்க" என்று மங்கையர்க்கரசி பக்கத்தில் வந்தார். மடிப்பைச் சரிசெய்தார். ஊசியைக் கழற்றி, தோலில் படாமல் விரலைக் கொடுத்து, கொஞ்சம் தள்ளிக் குத்தினார். "போன்ல அவ போட்டோ பாக்கிறப்பெல்லாம் இந்த ஊசி குத்திடுமோன்னுதான் எனக்குப் பயமா இருக்கும்."

மஹ்மூதா உடனே ஆலிமாவிடம் போகவில்லை. சனிக்கிழமை கழியட்டும் என்று இருந்தார். ஞாயிறு காலை மங்கையர்க்கரசியிடமிருந்து போன் வந்தது. தேனு நேற்று வந்துவிட்டாள், இன்னும் தூங்குகிறாள், எழுப்ப மனசு வரவில்லை. அவ்வளவுதான் சொன்னார்.

அன்றே மஹ்மூதா ஆலிமாவின் வீட்டுக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னார். இந்த முறை மெதுவாகச் சொன்னார். வேர்த்ததை, கதவைச் சாத்தச் சொன்னதை, மோர்க்குழம்பை, எதையும் விடவில்லை.

ஆலிமா கேட்டு முடித்துவிட்டுப் பாடப் புத்தகத்தைத் திறந்தார். மஹ்மூதா திறக்கவில்லை.

"எனக்கு ஒரு சந்தேகம் ஆலிமா."

"கேளுங்க லாத்தா."

"அந்த வீட்டுல நான் ஒண்ணும் பெருசாச் சொல்லலை. வேர்த்துச்சு, கழட்டினேன். அதுலயே அந்த அம்மாவுக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. அன்னைக்கு மேடையில அத்தனை பேசினேன், அவங்களுக்கு ஒண்ணுமே போய்ச் சேரலை. மேடையில அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்கணும்?"

ஆலிமா சிரித்தார்.

"அந்தப் பதிலை மேடையில எப்படி லாத்தா சொல்லியிருப்பீங்க? முன்வரிசையில ஆம்பளைங்க இல்ல உட்கார்ந்திருந்தாங்க!"