லயத்தில் கேட்ட கேள்வி

ஏழை நாடுகள் எப்படித் தலைநிமிரும் என்பதை ஒரு படிப்பாகவே வைத்திருக்கிறார்கள். திருநெல்வேலிக்காரர் சங்கரபாண்டியன் வங்கி வேலையை விட்டுவிட்டு, தலை நரைத்த பிறகு அதைப் படிக்கப் போனார். இந்த வயதில் முதுகில் பையா என்று வீட்டுக்காரம்மா கேட்டதற்குச் சிரித்துக்கொண்டார்.

படிப்பு முடியுமுன் வெளிநாட்டில் ஊருக்குள் இறங்கி வேலை பழக வேண்டும். இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அங்கே வேலை பழக்கியவர் புஷ்பராணி. மகள் வயதுதான். ஆனாலும் இவருக்கு அவர் மிஸ்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வெளிநாட்டு நிறுவனம் மதியச் சாப்பாடு போட்டுவந்தது. தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவுசெய்ய மறுநாள் காலை ஆட்கள் வருகிறார்கள். வீடுகளில் சாப்பாட்டுக்கு வழி இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்லும் பொறுப்பு சங்கரபாண்டியனுடையது.

லயம் என்பது தோட்டத்தில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். காலையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கினார். பொழுது சாயும்போது மிஸ் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“எல்லா வீட்லயும் சாப்பிட்டீங்களான்னு கேட்டுட்டேன் மிஸ். ஆச்சுன்னுதான் சொல்லுதாங்க.”

“பிறகென்ன, அப்படியே சொல்லிருங்க.”

“மனசு ஒப்பலையே. ஒரு வீட்ல பால், சீனி போடாம பிளேன் டீ குடுத்து, கடிச்சுக்கக் கையில சீனி வச்சாங்க. அந்த வீட்டுப் பிள்ளை டீயைப் பார்க்கல மிஸ். என் உள்ளங்கையையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு.”

நான் சொல்லுகிற சொல்லால் அந்தப் பிள்ளைகளின் சோறு நின்றுபோனால் என்ன செய்ய, எங்கே பிசகினேன் என்று கேட்டார்.

அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. அதைத் திருப்பிப் போட்டபடியே மிஸ் கேட்டார்.

“சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு மிஸ்.”

மிஸ் தட்டில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைத்து நீட்டினார். வேண்டாம் வேண்டாம் என்றபடியே வாங்கிக்கொண்டார். ரொட்டி போன இடம் தெரியவில்லை. ஒட்டியிருந்த சம்பலையும் விரலால் வழித்தார். காலையிலிருந்து வயிற்றில் பிளேன் டீயைத் தவிர எதுவும் இறங்கவில்லை.

“ஆச்சுன்னீங்க?”

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. “இப்படிக் கேட்டா, வேற என்ன மிஸ் சொல்ல...”

சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். விரல் தட்டிலேயே நின்றது. வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது.

தலை தூக்கினார். “விடிஞ்சா வந்திருவாங்களே மிஸ். இனி நான் என்னன்னு போய்க் கேட்பேன்?”

மிஸ் இன்னொரு ரொட்டியை எடுத்து அவர் தட்டில் போட்டார்.

“இதை நான் கேட்டா போட்டேன்? நீங்க தட்டை வழிச்சதைப் பார்த்துத்தானே?”