இளவரசர் கல்யாணமும் வேம்பன் கூட்டமும்

ஆற்றின் வடகரையில் பரிசல் ஓட்டிப் பிழைத்தவர் செங்கோடர். கேட்டால் மட்டுமே பதில் சொல்லும் ஞானி. அவருடைய சீடன் வேம்பன் யாரும் கேட்காமலே பேசுகிறவன். ஐம்பது வயது. கூலியில்லா ஊழியத்தை எதிர்த்துப் பேசி இரண்டு முறை அரண்மனைச் சிறைக்குப் போனவன். முன்பல் ஒன்றை அங்கே விட்டுவிட்டு வந்தவன்.

விடிந்தால் ஏரிக்கரை வேலைக்கு ஆள் பிடிக்க அரண்மனைச் சேவகர்கள் வருவதாக இருந்தது. நடவு நேரம். ஊர் போனால் வயல் தரிசாகிவிடும். ‘ஒருவரும் போகமாட்டோம்’ என்று ஊரைச் சத்தியம் செய்யவைக்க வேம்பன் ஆலமரத்தடியில் கூட்டம் போட்டான்.

ஒருவரும் வரவில்லை. அன்று தென்கரையில் இளவரசருக்குக் கல்யாணம்.

உச்சி வெயிலில் வேம்பன் துறைக்கு வந்தான். செங்கோடர் காலிப் பரிசலில் உட்கார்ந்திருந்தார்.

“நீங்கதான் அவங்களை அக்கரை சேர்த்தீங்களா?”

“ஏறினாங்க. ஓட்டினேன்.”

“அந்த ஆளு அப்படி என்ன செஞ்சுட்டான்? பொறந்தான். இன்னைக்குத் தாலி கட்டுறான். ஆயுசுல செஞ்ச வேலை இது ரெண்டுதான். நான் இருபது வருஷம் இவங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தினேன். சிறையிலிருந்து வந்தப்போ இந்தத் துறையில ஒரு நாய்கூட நிக்கல. அவன் யானை மேல ஏறினா ஆறு தாண்டி ஓடுறாங்க!”

“உனக்கு யானை வேணுமா?”

வேம்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“என்கிட்ட இல்லாதது அவன்கிட்ட என்ன இருக்கு? அதைச் சொல்லுங்க.”

செங்கோடர் துடுப்பை நீட்டினார்.

“ஊர்வலம் முடிஞ்சிருக்கும். நீ போய்க் கூட்டிட்டு வா. வாயைத் திறக்காதே.”

தென்கரையில் பரிசல் நிறைய ஏறினார்கள். ஆளுக்கொரு பக்கம் பேச்சு.

“என் முளைப்பாலிகைச் சட்டிதான் முன்வரிசை. முளை ஒரு சாண் உசரம்!” என்றாள் குப்பாயி.

“பாதியை எலி தின்னுடுச்சு. அந்தப் பக்கத்தைப் பின்னால திருப்பி வச்சியே, நான் பாக்கலைன்னு நினைச்சியா?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“பொண்ணு நடந்த துணி நான் வெளுத்தது. அதுல ஒரு கறை காட்டுங்க பாப்போம்,” என்றார் சடையன்.

“குடை பிடிச்சு என் தோள் வீங்கிப்போச்சு. அதை ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிறீங்களே!” என்றான் இன்னொருவன்.

பரிசல் ஆடும்படி சிரித்தார்கள். வேம்பனால் பொறுக்க முடியவில்லை.

“கூலி குடுத்தாங்களா?”

“கல்யாண வீட்டுல யாராவது கூலி கேப்பாங்களா அண்ணே?” என்றாள் குப்பாயி.

“சரி, மாப்பிள்ளை கறுப்பா, சிவப்பா?”

குப்பாயி கையை விரித்தாள்.

“எங்க பாத்தேன்? என் சட்டியை எவனாவது இடிச்சிடுவானோன்னு அதையே பாத்துக்கிட்டிருந்தேன்.”

“நான் துணியைப் பாத்தேன்,” என்றார் சடையன்.

குடைக்காரன் சொன்னான்: “எனக்கு யானையோட வால் நல்லாத் தெரிஞ்சுது.”

வடகரை வந்தது. எல்லோரும் இறங்கிப் போனார்கள். வேம்பன் துடுப்பைக் கரையில் வீசினான்.

“முகத்தைக்கூடப் பாக்கல! இதுக்குத்தான் என் கூட்டத்தை விட்டுட்டுப் போனாங்க!”

செங்கோடர் துடுப்பை எடுத்துப் பரிசலுக்குள் வைத்தார்.

“உன் கூட்டத்துக்கு இடத்தைப் பெருக்கினது யாரு?”

“நான்.”

“பாய் விரிச்சது?”

“நான்தான்.”

“தெருத்தெருவாப் போய்ச் சொன்னது?”

“நானே. என் வேலைக்கு நான் யாரையும் எதிர்பார்த்ததில்ல.”

“பேச இருந்தது?”

“வேற யாருக்கு இங்க பேசத் தெரியும்?”

“இளவரசனுக்கு இதுல ஒண்ணுமே தெரியாது,” என்றார் செங்கோடர். “அதான் ஊரையே கூப்பிட்டான்.”