நீலமா வந்த பூனை

ஒரு ஊர்ல மரகதவல்லின்னு ஒருத்தி இருந்தா. "ம்" சொல்லு கண்ணு, இல்லைன்னா உனக்கு முன்னாடி சித்தி தூங்கிடுவேன்.

அவ ஒரு பூனை வளர்த்தா. மாம்பழக் கலர்ல கொழுகொழுன்னு இருக்கும். வீட்டுல எல்லாரும் காபி எங்க, துண்டு எங்கன்னு கேட்டுக்கிட்டுத்தான் அவகிட்ட வருவாங்க. இது மட்டும் பேசாம வந்து மடியில படுக்கும். அந்தப் பூனையைக் காணோம்! ரெண்டு நாளாச்சு. மழை வேற சோன்னு கொட்டுது. அழுது அழுது அவ மூஞ்சியே வீங்கிப் போச்சு.

அப்போ, பூனை போட்டோவைத் தெருவெல்லாம் ஒட்டலாம்னு அவளுக்குத் தோணுச்சு. ஞாயித்துக்கிழமை, பிரின்ட் போடற கடை கிடையாது. வீட்டுலதான் பிரின்டர் இருக்கே! அதுல போட்டுப் பார்த்தா. கிர்ர்ர்... டக் டக்... பேப்பர் வந்துச்சு. பூனை மேல பூரா வெள்ளைக் கோடு.

ஏன் தெரியுமா? அவ புருஷன் தண்டபாணி இருக்காரே, கரண்ட் மிச்சம் பிடிக்கிறேன்னு தினமும் சுவத்துல இருக்கற சுவிட்சை டப்புனு அணைச்சிடுவார். முதல்ல பிரின்டர்ல இருக்கற பட்டனை அணைச்சா, அது மை வர்ற வாயை மூடிக்கிட்டுப் படுக்கும். டப்புனு சுவிட்சை அணைச்சா திறந்த வாய் திறந்தபடி கிடக்கும். மை காஞ்சு அடைச்சுக்கும். நீ வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கினா தொண்டை காயலை? ம்... அதே கதைதான்.

அப்புறம் அவ, சுத்தம் பண்ற பட்டனை அமுக்கினா. களுக் களுக்குனு பிரின்டர் மையாலேயே வாய் கொப்பளிச்சுது. கோடு போகலை. மறுபடி அமுக்கினா. களுக் களுக். கோடு கொஞ்சம் குறைஞ்சுது. அப்படியே சும்மா விட்டிருந்தா ஊறித் தானே சரியாயிருக்கும். பொறுத்தாளா? மூணாவது தடவையும் அமுக்கினா. கோடே இல்லை. மையும் இல்லை! மஞ்சள், சிவப்பு, கறுப்பு எல்லாம் காலி. பூனை நீலமா வந்து நின்னுது.

"போ, எனக்கு முடியலை"ன்னு மழை கொஞ்சம் விட்டதும் அதையே கொண்டுபோய் ஒட்டிட்டு வந்தா. மாம்பழக் கலர்னு பேனாவால ஒரு வரி எழுதியிருக்கலாம். தோணலை, அவ்வளவு அசதி.

சாயங்காலம் போன் அடிச்சுது. ட்ரிங் ட்ரிங். அடுத்த தெரு ரெஜினா அக்கா.

"மரகதம், உன் நீலப் பூனை இந்தப் பக்கம் வரலைம்மா."

"சரிக்கா."

"மாம்பழக் கலர்ல ஒண்ணுதான் எங்க மாடிப்படிக்குக் கீழ கத்திக்கிட்டுக் கிடந்துச்சு. உன் நோட்டீஸைப் பார்த்தேன், இது இல்லைன்னு இப்பத்தான் விரட்டிவிட்டேன்."

ஐயோ! செருப்பு கூடப் போடாம ஓடினா மரகதவல்லி. பின்னாடியே தண்டபாணி. சந்தெல்லாம் தேடினாங்க, குப்பைத்தொட்டிக்குப் பின்னாடி தேடினாங்க. கடைசியா ஒரு ஸ்கூட்டருக்கு அடியில "மியா..."ன்னு ஈனக் குரல். வெடவெடன்னு நடுங்கிக்கிட்டு இருந்துச்சு. வாரி எடுத்து அணைச்சுக்கிட்டு நடுத்தெருவுல உட்கார்ந்து அழுதா.

"நான் மிச்சம் பிடிக்கிறதாத்தான் நினைச்சேன் மரகதம்"னார் தண்டபாணி.

"பிடிங்க, வேணாங்கலை. என்னையும் கொஞ்சம் மிச்சம் வைங்க"ன்னா அவ.

அவர் சட்டையைக் கழட்டிப் பூனையைத் துவட்டினார்.

அவ்வளவுதான் கண்ணு, பூனை வீட்டுக்கு, கதை கூட்டுக்கு. "ம்" வரலையே... தூங்கிட்டியா? அப்பாடா. நானும் படுக்கறேன்.