திரும்பி உட்கார்ந்த ராஜா

வேங்கைமலை நாட்டை ரொம்பக் காலத்துக்கு முன்னால் மகுடவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் தன் முகத்தழகில் அவனுக்கிருந்த நம்பிக்கை தன் படைபலத்தில்கூட இல்லை.

அவன் கோட்டையிலிருந்து கோயிலுக்குப் போகிற வழி வளையல்காரத் தெரு. ஊருக்கு மேற்கே புதுச்சந்தை வந்ததிலிருந்து தெரு படுத்துவிட்டது. சாக்கடை அடைத்துக்கொண்டது, பாதிக் கடையில் வௌவால் குடித்தனம். பணியாரம் சுட்டு விற்கும் ஆவுடைக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. "அரண்மனை ஆள் வரட்டும்னு உட்கார்ந்திருந்தா, காலம்பூரா மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கணும். மண்வெட்டி இருக்கிறவங்க எல்லாம் வாங்க!" என்று தெரு முழுக்கக் கத்தினாள்.

வந்தார்கள். சாக்கடையைத் தோண்டினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள். பூட்டிக் கிடந்த கடைகளை வாடகை கேட்காமல் பூக்காரிகளுக்கும் தையல்காரர்களுக்கும் திறந்துவிட்டார்கள். மறுபடி கூட்டம் வந்தது, தெருவே சிரித்தது.

வயிறெரிந்தவர் ஒருவர்தான். நகர அலங்கார அதிகாரி குஞ்சிதபாதம். அந்தத் தெருவில் தோரணவாயில் கட்டி, மைத்துனன் செதுக்கிய சிலைகளை நிறுத்தப் போட்டிருந்த திட்டம் பாழ். 'என்னைக் கேட்காமல் ஒரு தெரு அழகாவதா?' நேரே ராஜாவிடம் போனார்.

"வளையல்காரத் தெரு செத்துவிட்டது, மகாராஜா. இடித்து யானைக் கொட்டில் கட்டலாம்."

"ஆமாம், வெள்ளிக்கிழமைதோறும் பார்க்கிறேனே! சின்ன வயதிலிருந்து அங்கே ஒரு ஈ காக்கை கண்டதில்லை. வருகிற வெள்ளி போய்வருகிறேன், மறுநாள் இடித்துவிடும்."

எப்படிக் காண்பான்? ராஜா வருகிறார் என்றால் கட்டியக்காரன் முன்னால் ஓடி, "கடையைச் சாத்து! தலையைக் குனி!" என்று விரட்டுவது அந்த நாட்டு வழக்கம். ராஜாவுக்கு அது தெரியாது. சாத்திய கதவுகளையே பார்த்து வளர்ந்தவன்.

சேதி ஆவுடை காதுக்கு வந்தது. 'நீங்க வர்றதாலதான் சாத்துறோம்' என்று சொன்னால், ராஜாவையே குறை சொன்னதாகக் குஞ்சிதபாதம் திரித்துவிடுவார். தெருவோடு தலையும் போகும். யோசித்துக்கொண்டே சபைக்குப் போய்க் கும்பிட்டாள்.

"இடிக்கிறதுன்னா இடிங்க ராசா. ஒரே ஒரு குறைதான். உங்க முகத்தை எங்க தெரு பார்த்ததே இல்லை."

"என்ன! வாராவாரம் வருகிறேனே?"

"வரும்போது குனிஞ்சிருக்கோம். நிமிர்ந்தா உங்க முதுகுதான் போகுது. அழகான முகம்னு ஊரே சொல்லுது. நாங்க கண்டதெல்லாம் ஒரு முதுகும் யானை வாலும்தான்."

சபை உதட்டைக் கடித்துக்கொண்டது. ராஜாவோ உருகிப்போனான். "அடப் பாவமே! இத்தனை வருஷம் எப்படித் தாங்கினீர்கள்?"

"வர்ற வெள்ளி மட்டும் பின்பக்கமாத் திரும்பி உட்கார்ந்து வந்தீங்கன்னா, கண்குளிரப் பார்த்துக்குவோம்."

குஞ்சிதபாதம் குதித்தார். "ராஜா யானை வாலைப் பார்த்து உட்காருவதா! அவமானம்!"

"சும்மா இரும். மக்கள் என் முகத்துக்கு ஏங்குகிறார்கள். உம் முகத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது."

வெள்ளிக்கிழமை. சபையில் பேசியதை ஆவுடை தெருவில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. ராஜா மோவாயை உயர்த்தி, புன்னகையை ஒட்டிக்கொண்டு, வால் பக்கம் பார்த்து உட்கார்ந்தான். முன்னால் கட்டியக்காரன் கத்தக் கத்தக் கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. யானை கடந்தது.

கடந்ததும் ஒரு கதவு திறந்தது. பிறகு பத்து. வளையல் சரங்கள் வெளியே தொங்கின. பூக்காரிகள் கூவினார்கள். பாதிச் சவரத்தில் நின்றவன் மறுபடி நாவிதர் முன் உட்கார்ந்தான். பணியாரச் சட்டியிலிருந்து கருப்பட்டி வாசனை யானையைத் துரத்திக்கொண்டு வந்தது. ராஜாவின் புன்னகை எங்கோ விழுந்துவிட்டது.

"யானையை நிறுத்து!"

அப்போதுதான் தெருவும் நிமிர்ந்து பார்த்தது. ராஜா பார்க்கிறார்! அத்தனை பேரும் கதவைச் சாத்தப் பாய்ந்தார்கள்.

"சாத்தாதீர்கள்!" ராஜாவின் குரல் கெஞ்சியது. "இவ்வளவு பேர் எங்கிருந்து வந்தீர்கள்?"

"இங்கேயேதான் ராசா இருந்தோம்," என்றாள் ஆவுடை. "நீங்க போகட்டும்னு கதவுக்குப் பின்னால நின்னோம்."

ராஜாவின் அழகு முகம் சுருங்கியது. ஊர்வலத்தோடு வந்த அதிகாரி பக்கம் திரும்பினான். "குஞ்சிதபாதம், இது உமக்குத் தெரியுமா?" என்றான்.

"வழக்கம்தானே, மகாராஜா..."

"இனி வழக்கம் வேறு. கொட்டிலும் இல்லை, தோரணமும் இல்லை. வெள்ளிதோறும் நீரே முன்னால் ஓடிக் கத்தும். 'ராஜா வருகிறார்! கடையைத் திற! தலையை நிமிர்த்து!' தெரு முழுக்கக் கேட்க வேண்டும்."

சொல்லிவிட்டு யானையிலிருந்து இறங்கி, பணியாரச் சட்டிமுன் கையை நீட்டினான்.

"வரிசையில வாங்க ராசா," என்றாள் ஆவுடை.

மகுடவர்மன் சுற்றும்முற்றும் பார்த்தான். அதற்குள் பணியாரத்துக்கு ஓடிவந்திருந்த பாதிச் சவர ஆசாமிக்குப் பின்னால் போய் நின்றான்.

அதிலிருந்து ராஜா கோயிலுக்கு நடந்தேதான் போனான். முன்னால் ஓடித் தொண்டை கட்டிய குஞ்சிதபாதத்துக்கு ஆவுடை சுக்குத் தண்ணீர் கொடுப்பாள். கோயில் குருக்களுக்குத்தான் சங்கடம். ராஜா வந்து சேர உச்சிவேளையாகிவிடும், வரும்போதே வயிறும் நிறைந்திருக்கும்.